கிளப்பின் பழைய ஜன்னல்கள்

கோழிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கிளப்புக்கு நான் விருந்தாளியாகப் போனேன். அப்போது கல்முனையில் ஒரு முதலாளியின் நெல் ஆலையில் எனக்கு வேலை. அதற்கு முன் சாய்ந்தமருதில் கரைவலை இழுத்தேன். அதற்கும் முன் காட்டுக்குள் அணைக்கட்டு வேலையில் மண் சுமந்தேன். எந்த இடத்திலும் ஒரு போகத்தைத் தாண்டி நான் நின்றதில்லை. பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டதும் அப்படித்தான். யாரும் என்னை நிறுத்தவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

முதலாளி நெல்லோடு மர வியாபாரமும் செய்தார். அணை கட்ட வந்த வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு கிளப் கட்டி, பக்கத்தில் காட்டை வெட்டி கோல்ஃப் விளையாட ஒரு புல்வெளியும் போட்டிருந்தார்கள். வேலை முடிந்து அவர்கள் போனபின் அது வௌவால் அடைந்து கிடந்தது. பிறகு வேறு ஆட்கள் பொறுப்பெடுத்துத் திருத்தினார்கள். தங்குவதற்கு அறைகள், சீட்டாட ஒரு கூடம், கொழும்பிலிருந்து வந்த ஒரு சூதுச் சக்கரம் என்று எல்லாம் புதிதாகிவிட்டது. புது மரம் கொடுத்தவர் எங்கள் முதலாளி. கழற்றிப் போட்ட பழைய கதவுகளையும் ஜன்னல்களையும் அவர் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மகளுக்குக் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு அவை ஆகும்.

அந்தப் பழக்கத்தில்தான் கிளப்பின் மனேஜர் சனி, ஞாயிறு வந்து தங்கிப் போகும்படி அழைத்திருந்தார். முதலாளி போனதற்குக் காரணம் வேறு. அங்கே அணைக்கட்டுப் பராமரிப்பை மேற்பார்க்கும் ஓர் ஓவசியரை மகளுக்குப் பேசியிருந்தார்கள். கண்டிப் பக்கத்துப் பையன், அரசாங்க உத்தியோகம். தரகர் சொன்னதெல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனாலும் முதலாளி தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

காரில் சம்மாந்துறை தாண்டி வயல்வெளிக்குள் போகும்போது என்னிடம் சொன்னார்.

"மூண்டு விசயம் பாக்கணும். சூது விளையாடுறானா, குடிக்கிறானா, தொழுறானா. மத்ததெல்லாம் கலியாணம் முடிச்சாத் திருந்தும்."

"நீங்களே கேட்டாப் போச்சு, முதலாளி."

"கேட்டா ஆரும் மெய் சொல்லுவானா? அதோட நான் சீட்டாடுற இடத்துல கால் வெச்சா நாளைக்குக் கல்முனை முழுக்கக் கதை. நீ போனா ஆரு கேக்கப் போறா?"

"ஆரும் கேக்க மாட்டாங்க."

"அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வாறன். கோழிக்கும் சேத்துத்தான்."

கிளப்பில் யார் அறுத்த இறைச்சியோ என்ற பயத்தில் அவர் உயிர்க்கோழிகளைக் கொண்டுவந்திருந்தார். அறுப்பதற்கு நான்.

கார் நின்றதும் முதலில் நான் பார்த்தது ஜன்னல்களைத்தான். அணை வேலை நடந்த காலத்தில், கூலிகளின் லயத்திலிருந்து இந்தக் கட்டடத்தின் விளக்கு வெளிச்சம் தெரியும். உள்ளே யார் யாரோ நடமாடுவார்கள். வாசலுக்குப் போனால் காவற்காரன் விரட்டுவான். இப்போது அந்த மரச் சட்டங்களின் இடத்தில் கண்ணாடித் தகடுகள் வரிசையாக இருந்தன. சுவருக்கு இளம்பச்சை பூசியிருந்தார்கள். பழைய ஜன்னல்கள் முதலாளியின் வீட்டு வளவில் மதிலோடு சாத்திக் கிடந்தன. எனக்கு அந்தக் கட்டடம் ஆளை மாற்றி வைத்தது போல இருந்தது.

எங்களுக்கு ஒரு அறை தந்தார்கள். இரண்டு கட்டில், கொசுவலை, மின்விசிறி. உட்கார்ந்தால் இடுப்பளவுக்குக் கீழே போகிற மெத்தை. நான் உட்கார்ந்து, எழும்பி, ஜன்னல் பக்கம் போய், மறுபடி உட்கார்ந்தேன்.

"என்னடா, கட்டிலுக்கு அடியில எறும்பா?" என்றார் முதலாளி.

"இல்ல முதலாளி. சும்மா இருக்கிறதுக்கு எனக்குத் தெரியாது."

"போய்க் கோழியப் பாரு."

குசினிக்குப் போனேன். சமையற்காரர் கல்முனை மெதடிஸ்ட் சபை ஆள், என்னைவிட மூத்தவர். நான் பிஸ்மி சொல்லிக் கோழிகளை அறுத்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கோழியும் உங்கட, கத்தியும் உங்கட. மசாலாவும் கொண்டு வந்திருப்பீங்களே?"

"இல்லண்ணே. அதை உங்களை நம்பித்தான் விட்டிருக்கு."

"பெரிய உபகாரம்" என்றவர் இறகு பிடுங்க உட்கார்ந்தார். நான் மெல்ல ஓவசியரைப் பற்றி விசாரித்தேன்.

"அவரா? நல்ல பொடியன். பின்னேரமானா அவரை வேற இடத்தில தேடாத. அந்தச் சூது சுத்துற அறையிலதான் நிப்பார். கொஞ்ச நாளா ஒவ்வொரு நாளும்."

எனக்கு மனம் விழுந்துவிட்டது. முதலாளிக்கு ஒரே மகள். ஊரில் வந்த சம்பந்தங்களை இந்தப் பையனுக்காகவே தள்ளிவிட்டிருந்தார்.

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு அந்தக் கூடத்துக்குப் போனேன். இருந்ததில் சுத்தமான சட்டையைப் போட்டிருந்தேன். நடுவில் பச்சைத் துணி விரித்த பெரிய மேசை. அதன் தலைப்பில் சக்கரம். சுற்றி உத்தியோகத் துரைமார் நாலைந்து பேர், வேலை ஒப்பந்தம் எடுக்கிற இரண்டு கொந்தராத்துக்காரர்கள், வாசனை போட்ட ஒரு பெண்மணி. எல்லாரும் மேசைக்குக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே ஒருவன் முழங்காலில் நின்று மேசைக்காலுக்கு ஒரு மரத்துண்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அவன்தான் ஓவசியர். வெளியே வந்து, நீர்மட்டக் கருவியை மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தான். திருத்த வேலையில் தரையைச் சரியாகப் போடவில்லையாம். மேசை ஒரு பக்கம் சாய்வதால் சக்கரத்தின் உருண்டை எப்போதும் அந்தப் பக்கத்து எண்களிலேயே விழுகிறதாம். ஒவ்வொரு பின்னேரமும் மனேஜர் அவனைக் கூப்பிட்டு நிமிர்த்தச் சொல்கிறார். மறுநாள் தரை இன்னும் கொஞ்சம் இறங்குகிறது.

வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நேரே வெளியே வந்தான். சக்கரத்தை ஒருத்தர் சுற்றிவிட்டார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். உருண்டை குதித்துக் குதித்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போல இருந்தது. பிறகு அவன் பின்னால் போனேன்.

விறாந்தைப் படியில் உட்கார்ந்து கதைத்தோம். நான் கல்முனை முதலாளியின் ஆள் என்று சொன்னதும் சிரித்தான்.

"என்னப் பாக்க வந்தீங்க, இல்லையா நானா?"

எங்கள் கரையில் மூத்தவரைக் காக்கா என்போம். அவன் பக்கத்தில் நானா. அந்த ஒரு சொல்லில் அவன் எவ்வளவு தூரத்து ஆள் என்று தெரிந்தது.

"ஓம். நீங்க சூதாடுறீங்களோ எண்டு பாக்க வந்தன்."

"பாத்துட்டீங்களா? மேசைக்குக் கீழதான் ஈக்கிறேன்." சிகரெட் நீட்டினான். "குடிக்கிறதும் இல்ல, தொழுகைய உடுறதும் இல்ல. அதையும் செல்லிடுங்க. எனக்கு ஒரே யோசனை உம்மாவப் பத்தித்தான். வாப்பா மௌத்தான பொறகு ஊட்டுல தனிய. மிளகுத் தோட்டம், ரெண்டு மாடு. கலியாணம் முடிச்சா அவவுக்குத் துணைக்கு ஒரு ஆள் வரும்."

நான் சிகரெட்டைப் பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டேன்.

எங்கள் கரையில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்வது என்பதெல்லாம் யாரும் பேசி முடிவெடுக்கிற விஷயமில்லை. ஆண் பிள்ளை எங்கே உழைத்தாலும் பெண்சாதியின் வீட்டுக்குத்தான் திரும்பி வருவான். முதலாளி மூன்று கேள்வி வைத்திருந்தார். நாலாவதாக இப்படி ஒன்று இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? நான் பல ஊரில் அலைந்தவன். மலைநாட்டில் பெண் புருசன் வீட்டுக்குப் போவதைக் கண்டிருக்கிறேன். எனக்கே அது வரையில் நினைவு வரவில்லை.

"வீடு கட்டுற கதை தரகர் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"சொன்னாரு. வாடகைக்கு விடலாம்தானே?"

அறைக்குப் போனபோது முதலாளி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு காத்திருந்தார். சூது இல்லை என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். குடி இல்லை என்றேன். அதற்கும் சொன்னார். தொழுகையைப் பற்றிச் சொன்னதும் எழும்பிச் சாரத்தை இறுக்கிக் கட்டினார். சந்தோசம் வந்தால் அவர் அப்படித்தான்.

"இன்னொண்டு இரிக்கு, முதலாளி. புள்ள தன்ட ஊருக்கு வந்து உம்மாவோட இருக்கும் எண்டு நினைச்சிட்டு இரிக்கான்."

"எந்தப் புள்ள?"

"உங்கட புள்ளதான்."

முதலாளி சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "கலியாணம் முடிச்சாப் பொம்புளையா போறது?"

"அங்க அப்பிடித்தான்."

அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நித்திரை இல்லை. மெத்தை ஒத்துக்கொள்ளாமல் நான் தரையில் படுத்தேன். முதலாளி கட்டிலில் புரளும்போதெல்லாம் கம்பிச்சுருள் கிறீச்சிட்டது.

விடியும் நேரத்தில் சுபஹுத் தொழ அந்தப் புல்வெளிக்குத்தான் போனோம். "தொழுறதுக்கெண்டே வெட்டின மாதிரி இரிக்கி" என்றார் முதலாளி. நாங்கள் நெற்றியைப் புல்லில் வைத்து சுஜூதில் இருந்தபோது விறாந்தையிலிருந்து ஒரு துரை இறங்கி வந்து, நாங்கள் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழும்பியதும், பந்து கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்று கையை ஆட்டினேன். அவரும் கொஞ்ச நேரம் புல்லுக்குள் பார்த்துவிட்டுப் போனார்.

வெயில் ஏற ஓவசியர் கோல்ஃப் தடியோடு வந்தான். பெரிய இஞ்சினியருக்குக் கூட்டாளி இல்லாததால் இவனுக்குப் பழக்கியிருந்தாராம். முதலாளியிடம் ஒரு தடியைக் கொடுத்தான். முதலாளி உலக்கையைப் பிடிப்பது போலப் பிடித்து ஓர் அடி அடித்தார். பந்து பக்கவாட்டில் ஓடி ஒரு குழிக்குள் விழுந்தது.

"குழிக்குள்ள போட்டா வெற்றிதானே?"

"அது ஆன மிதிச்ச குழி, முதலாளி. இராவுல வந்து போகும்" என்றான் ஓவசியர்.

மூவரும் அந்தக் குழியை நோக்கி நடந்தோம். முதலாளி பந்தை எடுக்கவில்லை.

"மகன், உங்கட உம்மாவைக் கல்முனைக்குக் கூட்டிட்டு வாங்க. வளவு பெருசு. இன்னும் ஒரு அறை இறக்கிறன். அவ புள்ளையோட ராணி மாதிரி இருக்கலாம்."

"வரமாட்டா, முதலாளி. அவ கடலே பாத்தது இல்ல. பாக்க ஆசையும் இல்லயாம்."

"எங்கட புள்ள மலையே பாத்தது இல்ல."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"என்னத்தக் கேக்கிற?"

ஓவசியர் குனிந்து ஆனைக்குழிக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்து, சாரத்தில் துடைக்கிற மாதிரிக் கால்சட்டையில் துடைத்தான். மரியாதை குறையாமல்தான் இருந்தான். முதலாளியும் குரலை உயர்த்தவில்லை. பகல் கோழிக்கறியை மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். கறி நன்றாக இருந்தது. யாரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

பின்னேரம் காரில் திரும்பினோம். கல்முனைக்கு வந்து சேர மழை இருட்டியிருந்தது. வளவில் புதுவீட்டின் சுவர்கள் கூரை இல்லாமல் நின்றன. ஜன்னல்களைச் சாக்குப் போட்டு மூடச் சொன்னார். நான் மூடிக்கொண்டிருக்கும்போது அவர் தன் வீட்டு விறாந்தையில் நின்றபடி பெண்சாதியிடம் சொல்வது கேட்டது.

"சரிவராது. பொடியன் தங்கம். ஆனா புள்ளைய மலைக்குக் கூட்டிட்டுப் போகப் போறானாம்."

"நல்ல கதை. மாடு மேய்க்கவா?"

"உம்மா தனியவாம். தோட்டம், வீடு எண்டு அவ அசைய மாட்டாவாம்."

"அப்ப நம்மட ஊட்டுல ஆரு இருக்கிற? எங்கட புள்ள தன்ட உம்மாவை விட்டுட்டு எங்க போகும்?"

மழை விழத் தொடங்கியது. அப்போது கதவுத் திரைக்குப் பின்னால் இருந்து மகளின் குரல் வந்தது. அந்தப் பிள்ளையின் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வாப்பா, அந்த ஊர்ல குளிரா?"

தாய் திரையைப் பார்த்தாள். முதலாளியும் பார்த்தார். சாக்கை ஜன்னலில் பிடித்தபடி நானும் நின்றேன். பிள்ளை திரும்பக் கேட்கவில்லை. திரை அசையவும் இல்லை. முதலாளி சால்வையால் முகத்தைத் துடைத்தார். மழை அவ்வளவு தூரம் உள்ளே அடிக்கவில்லை.

கடைசியில், "ஓம். கம்பளி வேணும்" என்றார்.

தாய் அழத் தொடங்கினாள். முதலாளி என்னைப் பார்த்து, "நீ என்னத்துக்கு நனையிற? மூடிட்டுப் போ" என்றார்.

கல்முனையில் கம்பளி விற்கிற கடை இல்லை. அந்த வெக்கைக் கரையில் யார் வாங்குவார்கள்? அடுத்த நாள் காலையில் என்னைப் பதுளைக்குப் பஸ் ஏற்றி அனுப்பினார். கனமானதாகப் பார்த்து வாங்கினேன். கல்முனைக்குப் போகிற ஒரு லொறிச் சாரதியிடம் பொட்டலத்தைக் கொடுத்து முதலாளியின் ஆலையில் சேர்க்கச் சொன்னேன். பிறகு ஸ்டேசனுக்குப் போய், முதலில் புறப்பட்ட ரயிலில் ஏறினேன். அது எங்கே போகிறது என்று ஏறிய பிறகுதான் கேட்டேன்.

கம்பளி போய்ச் சேர்ந்ததாம். கலியாணம் முடித்து, பிள்ளையும் மலைக்குப் போய்ச் சேர்ந்ததாம். வெகு காலத்துக்குப் பிறகு அந்த வழியால் போனபோது புதுவீட்டுக்குக் கூரை போட்டு, கிளப்பின் ஜன்னல்களைப் பொருத்தியிருந்தார்கள். உள்ளே நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன.