திருட்டுப் போகாத ஹார்ட் டிஸ்க்

எங்கள் வாசிகசாலைத் தலைவரை வீதியில் கண்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. மனிசன் சிரிப்பார். "டீச்சர், சுகமோ?" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு சைக்கிளை மிதிப்பேன். அவருக்கு எல்லாம் மறந்துபோய்விட்டதாம். மறக்கிறதென்ன, செய்தவர்களுக்கு லேசுதானே!

ஊர், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகிற வழியில் இருக்கிறது. பெயர் வேண்டாம். எழுதினால் நாளைக்கே படலையடியில் வந்து நிற்பார்கள். நான் அங்கே பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவள். பாடம் இருந்தது, புத்தகம் இருந்தது, கணினிதான் இல்லை. கீபோர்டைக் கரும்பலகையில் கீறிக் காட்டிப் படிப்பித்திருக்கிறேன். அதைப் பார்த்து விரலால் மேசையில் தட்டிப் பழகிய பிள்ளைகள் என்னுடையவை. அதனால், வெளிநாட்டிலுள்ள எங்கள் ஊர்ச் சங்கம் வாசிகசாலைக்கு ஆறு கணினிகள் அனுப்புகிறது என்றதும் துள்ளிக் குதித்தேன்.

வந்தவை எங்கேயோ ஒரு கம்பனி தன் கந்தோரில் பாவித்துக் கழித்துவிட்ட பழைய பெட்டிகள். பரவாயில்லை, ஓடினால் சரி. விழா வைத்து, நாடா வெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், மணிக்கணக்காகப் பேசினார்கள். ஒரு ஆளாவது அவற்றைக் கரண்டில் போட்டுப் பார்க்கவில்லை. உள்ளே விண்டோஸ் இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். அதை ஏற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது.

ஒவ்வொரு பெட்டியின் மூடியையும் மறித்துச் சங்கத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் கை வைக்கக்கூடாது என்பது தலைவரின் கட்டளை. "வெளிநாட்டில இருந்து வந்த சாமான், டீச்சர். சீல் உடைஞ்சா சங்கத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்றார். கோயில் மூலஸ்தானத்துக்குக்கூட அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது.

வாசிகசாலைக்கு நேர் எதிரே நானாவின் கடை. முஸ்லிம் வியாபாரி. வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இளந்தாரி வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, புத்தளத்தில் பாதி வாழ்க்கையைத் தொலைத்துவிட்டு, திரும்பி வந்து, தகப்பனின் கடை இருந்த அதே காணியில் மறுபடி கடை போட்டவர். அரிசி, சீனி, உரப்பை, சைக்கிள் டியூப் எல்லாம் இருக்கும். விடியவே கடை திறக்கிறவர் என்பதால் வாசிகசாலைப் பூட்டின் திறப்பை அவரிடம் கொடுத்து வைத்திருந்தது நிர்வாகம்தான். அவர் கேட்டு வாங்கவில்லை. பேப்பர் படிக்க வருகிற கிழவர்களுக்காகக் கதவைத் திறந்து, உள்ளே கூட்டியும் விடுவார். ஒருவரும் சொல்லாமலே செய்கிற வேலை அது.

பென் டிரைவைச் செருகி விண்டோஸ் ஏற்றத் தொடங்கினேன். எந்த டிஸ்க்கில் ஏற்றுவது என்று கேட்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறுமை. ஹார்ட் டிஸ்க் எதையும் காணோம் என்றது. ஆறு பெட்டியும் அதையேதான் சொன்னது. வவுனியாவில் கணினிக் கடை வைத்திருக்கும் என் பழைய சிநேகிதிக்குப் போன் எடுத்தேன்.

"பழைய கந்தோர் மெசினெண்டா டிஸ்க்கை வேற முறையில போட்டு வச்சிருப்பாங்கள். விண்டோஸுக்கு அது விளங்காது. போடேக்க செற்றிங்குக்குள்ள போய் அதை மாத்தடி, வரும்" என்றாள்.

மாற்றினேன். வந்ததே! ஒரு பெட்டியில் விண்டோஸ் ஏறி முடியப் பின்னேரமாகிவிட்டது. தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கணினிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் குந்தி, படம் எடுப்பித்து, உடனே சங்கத்துக்கு அனுப்பினார்.

அடுத்த நாள் காலை போய் அதே கணினியைப் போட்டேன். கறுப்புத் திரை. ஹார்ட் டிஸ்க் இல்லை என்கிறது. செற்றிங்கை நேற்றே மாற்றியாயிற்றே! திகதியும் எப்போதோ ஒரு பழைய வருடத்தில் நிற்கிறது. தலைவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"நேற்று இருந்தது தானே?"

"ஓம்."

"இரவு பூட்டிக் கிடந்தது தானே?"

"ஓம்."

அவர் யன்னலால் வீதிக்கு அங்கால பார்த்தார். "திறப்பு உவரிட்டத்தானே கிடக்கு" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "என்ன கதை கதைக்கிறியள்? சீல் அப்பிடியே கிடக்கு. பிறகு என்னெண்டு டிஸ்க்கை எடுக்கிறது? மந்திரம் போட்டோ?"

"சீலை உரிச்சுப்போட்டுத் திரும்ப ஒட்டேலாதோ? உங்களுக்கு உலகம் தெரியாது, டீச்சர்."

"அப்ப இப்பவே திறந்து பாப்பம். ஒரு ஸ்குரூ டிரைவர் காணும்."

"சங்கத்தைக் கேக்காமல் ஒண்டும் செய்யேலாது. ஒருத்தரும் இதில கை வைக்கவேண்டாம்" என்று வயரைப் பிடுங்கினார், கதவைப் பூட்டினார். ஆளனுப்பி நானாவிடமிருந்த திறப்பையும் வாங்கிவிட்டார். ஏன் என்றுகூட நானா கேட்கவில்லையாம்.

ஒரு மூடியைக் கழற்றினால் தீர்ந்துபோகிற கதை. அதைச் செய்யத் துணிவில்லாதவர்களுக்கு ஒரு மனிசனைக் கள்ளனாக்கத் துணிவிருந்தது. அதையும் நேரே சொன்னார்களா? இல்லையே! நேரே சொன்னால் அந்த மனிசன் பதில் சொல்லலாமல்லவா? "அவை வியாபார ஆக்கள் தானே" என்றார் ஒருவர். "புத்தளத்தில அவைக்கு ஆக்கள் இருக்கு, சாமான் போனா வராது" என்றார் இன்னொருவர். அந்த மனிசனிடம் கடனுக்கு அரிசி வாங்கித் தின்ற வாய்கள்! சங்கத்தின் செயலாளர் வெளிநாட்டிலிருந்து குரல் பதிவு அனுப்பியிருந்தார், ஊருக்கு ஒன்றைக் கொடுத்தால் காப்பாற்றத் தெரியாதாம். ஊரே அதைக் கேட்டது. பால்மா வாங்க வருகிற பெண்கள் நானாவின் கடையைத் தாண்டி அங்காலக் கடைக்குப் போகத் தொடங்கினார்கள்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நானா கடை வாசலில் நின்று என்னை மறித்தார்.

"டீச்சர், அந்தச் சாமான் எம்மட்டுப் பெரிசு?"

கையை விரித்துக் காட்டினேன். "இவ்வளவுதான் நானா, ஒரு சின்னக் கொப்பி அளவு. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. அது பெட்டிக்குள்ளதான் கிடக்கும்."

"சரி" என்றார். திரும்பிக் கடைக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சிநேகிதியிடம் போனில் கொட்டித் தீர்த்தேன். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, "திகதி பழசாய் நிண்டதோ? இரவில மெயின் சுவிட்சை ஆரும் நிப்பாட்டுறவையோ?" என்றாள்.

நிப்பாட்டுகிறவர் இருக்கிறாரே! ஒருமுறை மின்னல் அடித்து வாசிகசாலை டிவி கருகியதிலிருந்து, தலைவர் தினமும் பொழுதுபடத் தன் கையாலேயே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். மழை இடி இருந்தாலென்ன, வானம் வெளித்திருந்தாலென்ன. அதில் அவருக்குப் பெரிய பெருமை.

"அதுதான் விசயம்" என்றாள் அவள். கரண்ட் இல்லாத நேரத்தில் கணினி தன் செற்றிங்கை மறக்காமலிருக்க உள்ளே காசளவில் ஒரு பற்றரி இருக்கும். பழைய பெட்டிகளில் அது செத்திருக்கும். சுவிட்சை இறக்கியதும் நான் மாற்றியதெல்லாம் அழிந்து, பெட்டி பழைய முறைக்கே போய்விடும். டிஸ்க் உள்ளேதான் இருக்கும், கண்ணுக்குத்தான் படாது.

அடுத்த நாள் பின்னேரம் வாசிகசாலையில் நிர்வாகக் கூட்டம். 'களவு' பற்றிப் பேசத்தான். ஸ்குரூ டிரைவரோடு போனேன். ஒருவரையும் கேட்கவில்லை. சங்கத்தின் ஸ்டிக்கரை நடுவால் கிழித்தேன். தலைவர் "டீச்சர்! டீச்சர்!" என்று கத்திக்கொண்டு எழும்பினார். மூடியை இழுத்துக் கழற்றி நிலத்தில் போட்டேன்.

"இந்தா கிடக்கு உங்கட டிஸ்க்! ஒரு புழுதிகூடக் கலையேல்ல, வந்து பாருங்கோ எல்லாரும். கள்ளன் பிடிக்க வெளிக்கிட்டியளே, பொழுதுபட்டா சுவிட்சை இறக்கிறது ஆற்ற கை? டிஸ்க்கை மறைச்சது அந்தக் கைதான்!"

பற்றரிக் கதையைச் சொன்னேன். பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப பிரச்சினை முடிஞ்சுது தானே. ஏன் இந்தக் குதி குதிக்கிறியள்? நாங்கள் ஆற்ற பேரையும் சொல்லேல்லையே."

"போய் அவரிட்டச் சொல்லுங்கோ. எல்லாருமாப் போய்ச் சொல்லுங்கோ."

"அதுக்கென்ன, காணேக்க சொல்லுவம். இதைப் பெரிசாக்கிறது ஊருக்கு நல்லதில்ல."

தேத்தண்ணி வந்தது. எடுத்துக் குடித்தார்கள். விசர் வந்தது எனக்கு. கோப்பையைத் தட்டிவிடாமல் வெளியே வந்தது அவர்கள் செய்த புண்ணியம்.

வீதியைக் கடந்தபோதுதான் கடையடியில் சனம் நிற்பதைக் கண்டேன். கடைக்கு முன்னால் நிலத்தில் படங்கு விரித்திருந்தது. அதன்மேல் கடை முழுவதும் கிடந்தது. அரிசி மூட்டைகள், உரப்பைகள், டியூப்கள், பிஸ்கட் பெட்டிகள். மூட்டைகளின் வாய் அவிழ்க்கப்பட்டிருந்தது. சீனியை மூட்டையிலிருந்து தாளில் கொட்டிப் பரப்பியிருந்தார். நானாவின் மனைவி பக்கத்தில் குந்தியிருந்து எறும்பு விரட்டினார். கடைக்குப் பின்னாலுள்ள வீட்டுக்குள்ளிருந்த அலுமாரியையும் இழுத்து வெளியே வைத்திருந்தார்கள். இரண்டு கதவும் திறந்து, அவர்களுடைய உடுப்பெல்லாம் வீதிக்குத் தெரிந்தது. நின்ற சனம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவராவது ஒரு மூட்டைக்குக் கை கொடுக்கவில்லை.

ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தேன். "நானா, விடுங்கோ, காணும்! டிஸ்க் பெட்டிக்குள்ளதான் கிடந்தது. எல்லாரும் கண்டிட்டினம். எடுத்து உள்ள வையுங்கோ."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, கடைசி மூட்டையையும் அவிழ்த்து எனக்கு முன்னால் கவிழ்த்தார்.

"நீங்களும் ஒருக்காப் பாத்திருங்க, டீச்சர்."