வீட்டுக்குச் சொன்ன விலை

எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் முழு விலை சொல்ல மாட்டார்கள். அம்மா புடவை வாங்கி வந்தால் அப்பாவிடம் பாதி விலை. அப்பா மின்விசிறி வாங்கி வந்தால் அம்மாவிடம் பாதி விலை. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெரு முழுக்கவே இப்படித்தான். இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. வீட்டு விலை என்போம். கேட்கிறவர் மனசுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்வார். ஆனால் கார் மாதிரி பெரிய சாமான் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. அதனால் நான் வாங்கியபோது யாருக்கும் பெருக்கத் தோன்றவில்லை.

2007-இல் பாண்டிச்சேரியில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். இரண்டே சீட், துணிக் கூரை, சிவப்பு. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. சிதம்பரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஐந்து வருடச் சேமிப்பு, ஒரு லட்சத்து அறுபதாயிரம். வீட்டில் எண்பது என்றேன். அதற்கே அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பார்க்கத்தான் ஸ்போர்ட்ஸ் கார். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு லாரியை முந்துவதற்குள் உயிர் போய்விடும். டர்போ போட வேண்டும் என்று முடிவு செய்தேன். எஞ்சினிலிருந்து வீணாக வெளியே போகும் புகையை வைத்தே ஒரு சின்ன விசிறியைச் சுற்றவைத்து, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சாமான் அது. வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறேன். நான் போடாமல் வேறு யார் போடுவது?

முதுநகரில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். கை சுத்தம், வாய்தான் சிக்கனம். உடைத்த டீசல் காரிலிருந்து எடுத்த டர்போ, குழாய் வெல்டிங், ஆயில் லைன், கூலி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நாற்பத்தைந்தாயிரம். நான் வாத்தியார் இல்லையா, எதிர்பாராத செலவுக்கு என்று மேலே பத்து சதவீதம் போட்டு வைத்துக்கொண்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். வீட்டில் இருபத்திரண்டாயிரம் என்றேன்.

பொங்கல் முடிந்து எஞ்சினைப் பிரித்தார்கள். மாசி மகத்துக்குள் அந்த நாற்பத்தைந்தும் தீர்ந்துபோனது. கார் மரக்கட்டைகள் மேல் நின்றது. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், கிளட்ச், ரேடியேட்டர், கடைசியில் சென்னைக்கு எடுத்துப்போய் ட்யூனிங், இதற்கெல்லாம் இன்னும் ஐம்பதாவது வேண்டும் என்றார் அண்ணன்.

"நீங்க எழுதிக் குடுத்த சீட்டுல இதெல்லாம் இல்லியே அண்ணே?"

"அது வூட்ல காட்டுற சீட்டு டீச்சர். பாதிதான் போடுவேன். எல்லாருக்கும் அப்டித்தான் குடுக்கறது. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்கு எப்படித் தெரியாமல் போனது? அவர் பாதியாக்கியதை நான் மறுபடி பாதியாக்கி வீட்டில் சொல்லியிருக்கிறேன். எல்லாரையும் ஏமாற்றத் தெரிந்த எனக்கு, என்னையும் ஒருவர் அதே மாதிரி ஏமாற்றுவார் என்று உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அப்புறம் இன்னொன்று கேட்டேன்.

"இவ்ளோ வேகம் ஏத்துறோமே, பிரேக்கு?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது தனி. அதுக்கு ஒரு நாப்பது ஆவும்."

இந்தச் சமயத்தில்தான் பண்ருட்டியிலிருந்து மாமா வந்தார். என் அக்கா வீட்டுக்காரர், முந்திரி வியாபாரம், நல்ல மனுஷன். அந்த நல்ல மனசுதான் வினையானது. எண்பதும் இருபத்திரண்டும் நூற்றிரண்டு என்று அவரே கூட்டிப் பார்த்து, ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குக் காரை வாங்க ஆள் பிடித்து, ஐயாயிரம் அட்வான்ஸும் வாங்கிவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வாங்குகிறவரையும் கையோடு கூட்டிவந்தார்.

"எட்டாயிரம் லாபம்மா. பிரிச்சுப் போட்ட வண்டிக்கு இதுவே ஜாஸ்தி" என்றார்.

அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அம்மா காபி கொண்டுவந்தாள். நான் வாய் திறக்காவிட்டால், இரண்டு லட்சத்து ஐந்தாயிரம் போட்ட என் கார், நான் சொன்ன பொய் விலைக்கே போய்விடும்.

"காரு ஒரு லட்சத்து அறுவதாயிரம் மாமா. டர்போவுக்கு இதுவரைக்கும் நாப்பத்தஞ்சு போட்டாச்சு. இன்னும் தொண்ணூறு வேணும். நான் விக்கல."

வந்தவர் மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார்.

"மூணு லட்சம் காருலியா?" என்றார் அப்பா. "நாளைக்கிக் கல்யாணம்னு வந்தா இன்னா பண்ணுவ?"

"கல்யாணத்துக்கு எவ்ளோ போட்டு வெச்சிருக்கீங்க, சொல்லுங்க."

யோசிக்கவே இல்லை அவர். நாற்பது பவுன், மண்டபம், எத்தனை இலை, சீர், மாப்பிள்ளைக்கு மோட்டார் பைக் என்று மளமளவென்று ஒப்பித்து, ஆறரை லட்சம் என்று முடித்தார். எதையும் பாதியாகச் சொல்லவில்லை.

"யாருன்னே தெரியாத ஒருத்தருக்கு நீங்க வண்டி வாங்குனா சீரு, என் சம்பளத்துல எனக்கு நான் வாங்குனா தண்டமா?"

வந்தவர்தான் பாவம், அட்வான்ஸைத் திருப்பி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார். மாமா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம்தான் உருப்படியாகத் திட்டம் போட்டேன். அண்ணனை எதிரில் உட்காரவைத்து, முழு விலை எழுதினால்தான் எழுந்திரிக்கலாம் என்றேன். முதலில் பிரேக். பிறகு கிளட்ச், ரேடியேட்டர். டர்போ ஆகக் கடைசி. பதினான்கு மாதம் தினமும் சிதம்பரத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் முழு விலையைச் சொன்னேன். பைத்தியம் என்றார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். புதுச்சத்திரம் தாண்டி முதல் தடவை முழுசாக அழுத்தியபோது டர்போ விசிலடித்தது, முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லாரி எங்கேயோ பின்னால் போனது.

அந்த வருடம் ஆவணியில் மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். பையன் பாங்கில் வேலை. அவருடைய அம்மா வாசலில் நின்ற காரைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இத குடுத்துடுவீங்க இல்ல?"

"குடுக்கமாட்டேன்" என்றேன்.

பஜ்ஜியைச் சாப்பிட்டு முடித்து, போன் பண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பண்ணவில்லை. அம்மா சமையலறையில் பாத்திரங்களை உருட்டினாள். அப்பா திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். அவருக்கு அந்தக் கார் இன்றுவரை பிடிக்காது. போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ள, அடுத்த தடவ வர்றவங்க கிட்ட மொதல்லியே சொல்லிடுங்க. பொண்ணு காரோடதான் வருவா."