ஏழாம் நம்பர் கூடை

ஒன்பது கூடைகளில் ஏழாவதை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒரே வருஷத்தில் என்னுடைய ஐந்து தட்டுகளை ஏரி முழுங்கியிருக்கிறது. ஐந்தும் ஏழாம் நம்பரில் போனவை.

ஒரகடத்தில் தொழிற்பேட்டைக்குள் ஏரிக்கரையை ஒட்டி ஒரு பொதுப் பூங்கா இருக்கிறது. நடைபாதை, ஒரு பக்கம் அறுந்த ஊஞ்சல், தண்ணீரையே பார்க்காத நீரூற்று என்று எல்லாப் பூங்காவிலும் உள்ளவை அங்கேயும் உண்டு. அவற்றோடு ஒன்பது இரும்புக் கூடைகளும் உண்டு. ஒவ்வொன்றும் இடுப்பு உயரக் கம்பத்தில் நிற்கும், மேலே சங்கிலிகள் தொங்கும். பக்கத்துக் கம்பெனிக்கு மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர்கள் அனுமதி வாங்கி நட்டது. டிஸ்க் கோல்ஃப் என்று பெயராம். சிமென்ட் மேடையில் நின்று பிளாஸ்டிக் தட்டை வீச வேண்டும். விழுந்த இடத்துக்குப் போய் அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். கடைசியில் அது சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். யார் குறைந்த வீச்சில் முடிக்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம். வேலை முடிந்ததும் இன்ஜினியர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கூடைகளைப் பெயர்த்துக்கொண்டா போக முடியும்? ஒரு பை நிறையத் தட்டுகளை, தினமும் நின்று வேடிக்கை பார்த்த ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஒருத்தி கம்பெனியில் என் லைனில் வேலை செய்கிறவள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வடக்குப்பட்டில் எங்கள் தெருவிலேயே வாடகைக்கு இருக்கிறாள். "யக்கா, ஞாயித்துக்கிழம வீட்டுல இருந்து என்ன செய்யப் போறீய, வாங்க" என்று அவள்தான் என்னை முதலில் இழுத்துக்கொண்டு போனாள். நாற்பது வயதில் தட்டு வீசுவதா என்று வெட்கமாக இருந்தது. முதல் தட்டு சங்கிலியில் ஜல்லென்று மோதியதும் வெட்கம் போன இடம் தெரியவில்லை.

ஏழாம் நம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடையில் நின்றால் இடது பக்கம் முழுக்க ஏரி. எதிரே வேப்பமர வரிசை. அதைத் தாண்டியதும் வழி வலது பக்கம் வளைந்து ஒரு சீமைக்கருவேலம் புதருக்குப் பின்னால் போய்விடும். கூடை மேடையிலிருந்து தெரியாது. எங்கள் தட்டு எல்லாமே கடைசியில் வேகம் குறையும்போது இடது பக்கம் சாயும். அது தட்டின் குணம். ஆக, வலது பக்கம் போக வேண்டியது இடது பக்கம் போய் ஏரியில் விழும். திருநெல்வேலிக்காரி வேறு விதமாக வீசிப் பார்த்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

நான் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் க்வாலிட்டி இன்ஸ்பெக்டர். பன்னிரண்டு வருஷமாகக் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அளவு தப்பிய பார்ட்டுக்குச் சிவப்பு அட்டை கட்டித் தனிப் பெட்டியில் போடுவேன். இந்தப் புத்தி கம்பெனி கேட்டோடு நின்றால் பரவாயில்லை, என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிடும். என் நாத்தனார் முதல் காய்கறிக்காரர் வரை என்னிடம் சிவப்பு அட்டை வாங்காதவர் கிடையாது.

அதிகமாக வாங்கியவர் என் வீட்டுக்காரர். அவர் வேறொரு கம்பெனியில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் ஆபரேட்டராக இருந்தார். ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு காலை ஷிஃப்டில் அவருடைய வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. காயம் ஆறியதும் ஸ்டோர்ஸில் வேலை மாற்றிக் கொடுத்தார்கள். வேலைக்குப் போனார், வந்தார். மற்றபடி வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டார். வந்தாலும் கையில் ஒரு கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டுதான் வருவார்.

சாப்பாடுதான் பெரிய தலைவலி ஆனது. மீதி விரல்களால் சோற்றைப் பிசைய வரவில்லை. இடது கையால் சாப்பிடுவார், ஆனால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. "பீச்சாங்கையால துன்றத எவனும் பாக்கக் கூடாது" என்பார். சொந்த அக்கா மகள் கல்யாணத்தில் காலையிலிருந்து மண்டபத்தில் இருந்துவிட்டு, பந்தியில் உட்காராமல் பட்டினியாகத் திரும்பி வந்தார். விபத்துக்கு முன்னால் ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் சுங்குவார்சத்திரம் போய் ஒரு டிபன் கடையில் தோசை சாப்பிடுவோம். அதன் பிறகும் அதே கடைக்குத்தான் போனோம். அவர் வாசலோடு நின்றுவிடுவார். கடைக்காரர் "பார்சலா, சாப்பிடுறீங்களா?" என்று கேட்பார். நான் பார்சல் என்பேன். மாதாவிடம் நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: இவர் மறுபடி நாலு பேர் நடுவில் கையை மறைக்காமல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

தட்டு வீசினால் கைக்குப் பயிற்சியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கெஞ்சியும் மிரட்டியும் அவரைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து என் பையைக் காவல் காத்தார். மூன்றாவது வாரம் கையில் தட்டைத் திணித்தேன். "ரெண்டு வெரல் போனா இன்னா, மீதி கீதுல்ல. வலது கையால போடுங்க" என்றேன். போட்டார். தட்டு தள்ளாடிப் பத்தடியில் விழுந்தது. மணிக்கட்டை மடக்காதீர்கள், தோளைத் திருப்புங்கள் என்று லைனில் நின்று சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தேன். அடுத்த வாரமும் பத்தடி. அதற்கடுத்த வாரம் எட்டடி.

ஒருநாள் நானும் திருநெல்வேலிக்காரியும் ஐந்தாம் கூடையில் இருந்தபோது அவர் நாலாம் மேடையில் தனியாக நின்றார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தட்டை இடது கையில் எடுத்து வீசினார். நல்ல தூரம் போனது. ஆனால் கடைசியில் வலது பக்கம் சாய்ந்து செடிக்குள் விழுந்தது. எங்கள் தட்டு எதுவும் அப்படிச் சாய்ந்து நான் பார்த்ததில்லை. நான் அங்கிருந்தே கத்தினேன்.

"இன்னாங்க இது, பீச்சாங்கையால? தட்டு தப்பான பக்கம் போது பாருங்க! வலது கையால போடுங்கன்னு எத்தினி தபா சொல்றது?"

நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேட் பக்கம் உட்கார்ந்திருந்த பூங்கா வாட்ச்மேன் எழுந்தே நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் கர்ச்சீப்பை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தார். திருநெல்வேலிக்காரி என்னை ஒரு பார்வை பார்த்து, "ஏன்க்கா இப்படிப் பேசுதீய?" என்றாள். நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை. சமையலறைக் கதவைச் சாத்தினால் தாழ்ப்பாளும் போட ஆரம்பித்தார்.

அதற்கடுத்த வாரம் கம்பெனியில் நடந்ததைச் சொன்னால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. எங்கள் லைனில் கார் கதவுக்கு ஒரு பிராக்கெட் வரும். இடது கதவுக்கு எல்.ஹெச்., வலது கதவுக்கு ஆர்.ஹெச். இரண்டும் ஒரே பார்ட்தான், கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிப் போட்டது. அளவு பார்க்கும் கேஜும் தனித்தனி. எல்.ஹெச். பார்ட்டை ஆர்.ஹெச். கேஜில் வைத்தால் உட்காரவே உட்காராது. புதிதாக வருகிறவர்கள் முதல் மாதத்தில் செய்யும் தப்பு இது. செய்தவர்களை நான் அழவைத்திருக்கிறேன். அன்று என் புத்தி எங்கே இருந்ததோ, முதல் பார்ட் உட்காரவில்லை, இரண்டாவது உட்காரவில்லை, மூன்றாவதும் உட்காரவில்லை. லைனை நிறுத்தி, பெட்டி முழுவதற்கும் சிவப்பு அட்டை கட்டிவிட்டேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். ஒரு பார்ட்டை எடுத்துப் பார்த்தார். கேஜைத் திருப்பி அதில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யம்மா, பார்ட்டு கரெக்டாதான் கீது. நீ வச்ச கேஜுதான் வேற சைடு."

லைனே சிரித்தது. நானும் சிரிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு சிவப்பு அட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். நாலைந்து அறுத்ததும் கை நின்றுவிட்டது. தட்டு தப்பான பக்கம் போகிறது என்று கத்தினேனே, அது எந்தக் கேஜை வைத்துச் சொன்னது? இடது கை வீச்சு வலது பக்கம்தான் சாயும். அது தப்பில்லை, அதன் அளவே அதுதான். நல்ல பார்ட்டை நாலு பேர் முன்னால் ரிஜெக்ட் செய்துவிட்டேன். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெட்கமாகவும் இருந்தது, என் மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல், "யோவ், என்னை மன்னிச்சிடுய்யா" என்றேன். அவர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். நடந்ததைச் சொன்னேன். பையில் வந்திருந்த ஒரு சிவப்பு அட்டையின் பின்பக்கத்தில் ஏழாம் நம்பரை வரைந்து காட்டினேன். இடது பக்கம் ஏரி, வழி வலது பக்கம் வளைகிறது, வலது கைக்காரர்கள் வீசினால் தண்ணீர்.

"நாங்க அத்தினி பேரும் ஆர்.ஹெச்., இது எல்.ஹெச். வேலை" என்றேன்.

பிரஸ் ஷாப்பில் இருந்தவருக்கு அதற்கு மேல் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. படத்தில் அந்த வளைவின் மேல் இடது கை விரலை ஓட்டிப் பார்த்தார். அப்புறம், "பன்னெண்டு வருஷம் சர்வீஸ் போட்டவ கேஜ மாத்தி வச்சியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கிண்டல் செய்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏழாம் மேடையில் நின்றார். வழக்கம்போல் நடைபாதையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் குச்சியை ஊன்றிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். என் வீட்டுக்காரர் ஒரு முறை சுற்றிலும் பார்த்தார். கர்ச்சீப்பை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். தட்டை இடது கையில் பிடித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். தோள், மணிக்கட்டு, கால் என்று சொல்வதற்கு எனக்கு ஆயிரம் இருந்தது. வாயைத் திறக்காமல் நின்றதுதான் அந்த விளையாட்டில் நான் செய்த கஷ்டமான காரியம்.

முதல் தட்டு வேப்பமரத்தில் மோதித் திரும்பி வந்தது.

"அது கணக்குல கெடையாது அண்ணாச்சி, இன்னொண்ணு போடுங்க" என்றாள் திருநெல்வேலிக்காரி.

இரண்டாவது தட்டு நேராக ஏரியைப் பார்த்துப் போனது. தண்ணீருக்கு மேலே போய், வேகம் குறைந்து, யாரோ கூப்பிட்டதுபோல் வலது பக்கம் திரும்பியது. கரைக்கு மேலே வந்து, வரிசையின் கடைசி மரத்தையும் தாண்டி, புதருக்குப் பின்னால் மறைந்தது. திருநெல்வேலிக்காரி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல்தான் முதலில் வந்தது.

"யக்கா! கூடைக்கு எதுத்தாப்புல கெடக்கு! எட்டுனா தொட்டுரலாம்!"

நாங்கள் போனபோது தட்டு கூடையிலிருந்து நாலடியில் கிடந்தது. அவர் குனிந்து எடுத்து, இடது கையாலேயே மெல்லப் போட்டார். சங்கிலி ஜல்லென்றது. இரண்டே வீச்சு. என்னுடைய சாதனை ஆறு.

பின்னாலேயே மூச்சு வாங்க வந்த வாட்ச்மேன், "இன்னா சார், பீச்சாங்கையா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரரின் முகம் மாறியது. நான் வாட்ச்மேனைக் கடித்துக் குதறத் தயாரானேன். அதற்குள் வாட்ச்மேனே தொடர்ந்தார்.

"நானும் பீச்சாங்கைதான் சார். சின்ன புள்ளைல அடிச்சி அடிச்சி மாத்தி வுட்டாங்க. எனக்கும் ஒரு தபா குடேன், போட்டுப் பாக்கறேன்."

என் வீட்டுக்காரர் தட்டை இடது கையால் நீட்டினார். நீட்டிய பிறகுதான் எந்தக் கை என்பது உறைத்து, கையை மாற்றப் போனார். வாட்ச்மேன் அதற்குள் தன் இடது கையால் வாங்கிக்கொண்டுவிட்டார். அவர் வீசியது தவளைபோல் தத்திப் போய் ஏரியில் விழுந்தது. அது எனக்குப் பிடித்த தட்டு. ஆனாலும் நாங்கள் நாலு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பூங்காவிலிருந்து ஸ்கூட்டியில் நேராகச் சுங்குவார்சத்திரம் போனோம். வண்டி நான்தான் ஓட்டினேன். டிபன் கடையில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்களின் கூட்டம். வழக்கமாக வாசலில் நிற்கிறவர் என் பின்னால் இரண்டு படி ஏறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் பார்சல் கட்டும் வாழையிலையை எடுத்தபடியே கேட்டார்.

"பார்சலா, சாப்பிடுறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

"சாப்பிடத்தான். உள்ள எடம் கீதா?"

மூலை மேஜை காலியாகத்தான் இருந்தது. அவர் நடு மேஜையில் போய் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்துக்கொண்டார். தோசை வந்ததும் இடது கையால் பிய்த்துச் சாம்பாரில் தோய்த்தார். எதிரில் இருந்தவர் ஒரு முறை பார்த்தார், பிறகு தன் இட்லியைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் இன்னொரு தோசை சொன்னார்.

சாம்பாரில் உப்பே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.