பெரியம்மாவின் தொழில்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மாவின் அக்காவுக்கு வெளிநாட்டில் பெரிய விஞ்ஞானப் பரிசு ஒன்று கிடைத்தது. கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் அந்தச் செய்தியைப் பரப்பும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். என் பெரியம்மா அணு விஞ்ஞானி என்று மேல்மாடியில் தொடங்கி, கீழே பலசரக்குக் கடைக்கார நானா வரைக்கும் சொல்லி முடித்தேன். அணு என்றால் என்னவென்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக் கம்பஸுக்கு வந்து பௌதிகவியல் படித்தவர். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். புலமைப்பரிசில் கிடைத்து வெளிநாடு போனவர், பிறகு பன்னிரண்டு வருடம் ஒரேயொரு அணுக்கருவின் பின்னால் அலைந்தார். அது உண்டாகிக் கண் இமைப்பதற்குள் உடைந்துபோய்விடுமாம். எவ்வளவு நேரம் உடையாமல் இருக்கிறது என்று அளப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இயந்திரம் பழுதாகி, உதவிப்பணம் நின்று, கூட இருந்தவர்கள் வேறு இடம் பார்த்துப் போன பிறகும் அவர் விடவில்லை. இந்த அமளியில் கலியாணமும் தவறிப்போயிற்று என்பது அம்மாவின் கவலை.

பரிசுக்குப் பிறகு இரண்டு கிழமை லீவில் அவர் எங்களிடம் வந்தார். அது யுத்தகாலம். வீதிக்கு வீதி சோதனை நடந்தது. ஆனாலும் அம்மா அவரைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப்போயே ஆகவேண்டும் என்று நின்றார். நாங்கள் சைவம், ஆனால் அக்காவின் ஆராய்ச்சிக்காக அம்மா நேர்த்தி வைத்தது அங்கேதான். பன்னிரண்டு வருட உழைப்பை அந்தோனியாரின் கணக்கில் எழுதியதற்குப் பெரியம்மா ஒரு வார்த்தையும் மறுப்புச் சொல்லவில்லை. அம்மா கொடுத்த மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தி வைத்தார்.

திரும்பி வரும்போது எங்கள் ஓட்டோவை மறித்தார்கள். அம்மாவின் அடையாள அட்டையைப் பார்த்த இளம் பொலிஸ்காரர், பெரியம்மாவின் கடவுச்சீட்டை வாங்கிப் பிறந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தார். என்ன தொழில் என்று சிங்களத்தில் கேட்டார். பெரியம்மாவுக்குச் சிங்களம் பெரும்பாலும் மறந்துவிட்டது. யோசித்து, டீச்சர் என்று மட்டும் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் நல்ல சிங்களம் என்னுடையதுதான். இல்லை, இவர் அணு விஞ்ஞானி, பரிசு வாங்கியவர் என்று ஓட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சொன்னேன். பொலிஸ்காரர் குனிந்து, அப்படியென்றால் அணுகுண்டா என்று கேட்டார். நான் சொன்னதை விட அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஓம் என்று தலையாட்டினேன். அம்மா என் தொடையில் கிள்ளியபோது காலம் கடந்துவிட்டது.

பொலிஸ் நிலையத்தில் எங்களை ஒரு வாங்கில் இருத்தினார்கள். பெரியம்மாவின் கைப்பையிலிருந்த ஆராய்ச்சிக் குறிப்புக் கொப்பியை எடுத்து மேசையில் விரித்தார்கள். பக்கம் பக்கமாகக் கிரேக்க எழுத்துகளும் வளைகோடுகளும். பெரிய அதிகாரி அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். எங்கள் மாமாவின் வயதிருக்கும் அவருக்கு. எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுக்கச் சொன்னார். பிறகு, பிள்ளை ஒன்று சொல்கிறது, இவர் இன்னொன்று சொல்கிறார், உங்களில் யாரோ பொய் சொல்கிறீர்கள் என்றார். குண்டைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது யாரென்று தெரியவேண்டும், பிள்ளையைத் தனியாக உள்ளே அனுப்புங்கள் என்றார்.

அவர் சொன்னதை அப்படியே பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு நான் எழும்பினேன். தனியாகக் கூப்பிடப்பட்டதில் எனக்குப் பெருமை. அம்மாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. பெரியம்மா என் கையைப் பிடித்துத் திரும்ப இருத்தினார்.

“பிள்ளை, நான் சொல்லுறதை இவருக்குச் சிங்களத்தில சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல் சொல்லவேணும்.”

“ஓம் பெரியம்மா.”

“பிள்ளை சொன்னது உண்மை. நான் அணுவை ஆராயிற ஆள். குண்டு செய்யிறேல்லை. டீச்சர் எண்டு பொய் சொன்னது நான்தான். பிள்ளையை விட்டிட்டு என்னைக் கேளுங்கோ.”

ஒரு சொல் விடாமல், உரத்த குரலில் மொழிபெயர்த்தேன். பொய் சொன்னது நான்தான் என்ற இடத்தில் என் குரல் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பெரியம்மா தன் சேலையைச் சரிசெய்துகொண்டு, ஆங்கிலம் தெரிந்த ஒருவருடன் உள்ளே போனார்.

காலையில் போனவர் பின்னேரம்தான் வெளியே வந்தார். அதற்கிடையில் அப்பா பரிசுச் செய்தி வந்த பத்திரிகையோடு ஓடிவந்திருந்தார். கொப்பியைத் தரவில்லை. விசாரித்துவிட்டுத் தருவதாகச் சொன்னார்கள், அது வரவேயில்லை. பெரியம்மா பயணச்சீட்டை மாற்றி மூன்றாம் நாளே போய்விட்டார். யுத்தம் முடிந்து பல வருடம் கழித்துத்தான் மறுபடி வந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் தொடர்மாடி முழுக்க ஓடி, பெரியம்மாவே பொலிஸில் பிழையை ஒப்புக்கொண்டார், நான் சொன்னதுதான் சரி என்று சொல்லித் திரிந்தேன். இருபது வருடமாக ஒவ்வொரு காலையும் அங்கே பல்கலைக்கழகத்தில் முதலாம் வருட மாணவர்களுக்கு அவர் பௌதிகவியல் படிப்பித்து வந்தவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. டீச்சர் என்று அவர் சொன்னது பொய்யே இல்லை. அன்று அவர் சொன்ன ஒரே பொய்யை அந்த அதிகாரிக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தது நான்.