பாக் கர்சோனோ எழுதிய ஒரு வரி

இந்தோனேசியாவின் செமாராங் கடலோரத்தில் வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். கடல் ஏறி, சாக்கடை வழியாக வீட்டுக்குள் நுழையும். எவ்வளவு உயரம் ஏறும் என்று முன்கூட்டிச் சொல்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. அதற்கான கணக்கைக் கணித மென்பொருளில் எழுதியவர் பக்கத்து மேசை பாக் கர்சோனோ; 'பாக்' என்றால் எங்கள் ஊரில் ஐயா. தினமும் காலையில் கோப்பைத் தானே ஓட்டி, விடையைப் பேட்டைத் தலைவர்களுக்குத் தானே போனில் சொல்வார். அந்தக் குரலில் ஒரு மந்திரியின் மிடுக்கு இருக்கும்.

பிறகு நிலாம் வேலைக்கு வந்தாள். அவள் எழுதிய நிரல் இவருடைய கோப்பை வெளியிலிருந்தே ஓட்டியது. மென்பொருளின் சன்னல்கூடத் திறக்காது. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், விடை எல்லார் கைபேசிக்கும் போய்விடும். தலைவர்கள் அதற்கு 'நிலாம் கணிப்பு' என்று பேரே வைத்துவிட்டார்கள். ஒருவர் அவளுக்குப் பொரித்த லும்பியாச் சுருள் வேறு கொடுத்தனுப்பினார்.

"கணக்கு என்னுது. பொத்தான் மட்டுந்தான் அவளுது. லும்பியா அவளுக்கா?" என்று கர்சோனோ என்னிடம் பொருமினார்.

"உங்களுக்கும் ரெண்டு வச்சிருக்கா, பாக்."

"யாருக்கு வேணும்? ஒரே எண்ணெய்."

நான் திரும்பியதும் இரண்டையும் தின்றுவிட்டார். பொறாமைக்காரருக்கும் பசிக்குமே.

பௌர்ணமியன்று நிலாம் பொத்தானை அமுக்கினாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி அமுக்கினாள். அதே வட்டம்.

"நேத்துவரைக்கும் நல்லா ஓடிச்சே!" என்றாள்.

கர்சோனோ இனிப்புத் தேநீரை நிதானமாக உறிஞ்சினார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அவருக்குக் காரணம் தெரியும். நீர் அபாயக் கோட்டைத் தாண்டினால் கணக்கு நடுவில் நின்று, ஒரு விசையைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டும் என்று கோப்பில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். அந்த இடத்தில் வரைபடத்தை ஒருமுறை பார்த்து, பிஸ்மில்லா சொல்லித் தட்டுவது அவர் வழக்கம். இப்போது சன்னலே இல்லை. யார் தட்டுவது?

"நின்னுடுச்சா? அப்ப இன்னிக்குத் தண்ணி கோட்டைத் தாண்டுது," என்று சிரித்தார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போலும். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் மனைவி சுயாத்தியின் மளிகைக்கடை இருப்பது தாழ்வான தெருவில்.

எழுந்துபோய்க் கோப்பைத் திறந்து அந்த வரியை அழித்தார். "ஓட்டு."

ஓடியது. எங்கள் எல்லார் கைபேசிகளும் ஒன்றாகச் சிணுங்கின.

"இனிமே நிக்காதில்ல, பாக்?" என்று நிலாம் கேட்டாள்.

"நிக்காது. நான் செத்தாக்கூட ஓடும்," என்று உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் சுயாத்தி போனில் கூப்பிட்டாள். அவள் பேசினால் பக்கத்து மேசைக்கும் கேட்கும்.

"அந்தப் பொண்ணு நிலாம் சொல்லிடுச்சுப்பா! அரிசி மூட்டையெல்லாம் பரண்ல ஏத்தியாச்சு. என்ன கெட்டிக்காரி! நீங்களும் இத்தனை வருஷமா அங்கதான் உக்காந்திருக்கீங்க."

கர்சோனோ என்னைப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன்.

"கீழ் அலமாரியில சர்க்கரை இருக்கு. அதையும் ஏத்து," என்றார்.