பேட்டரிக்குத் தண்ணீர்

தொண்ணூறுகளில் ஒரு சாயங்காலம், பிளவக்கல் அணையிலிருந்து இறங்கும் பாதையில் என் மோட்டார் சைக்கிள் நின்றுபோனது. பேட்டரியில் உயிரே இல்லை, ஹாரன்கூட அடிக்கவில்லை. கூப்பிடு தூரத்தில், மாந்தோப்பு ஓரமாக ஒற்றை யானை நின்றது. நான் கிக்கரை உதைத்துக்கொண்டே இருந்தேன்.

அணைக் காவலாளி ஓடி வந்தார். ஒல்லியான ஆள். காதில் செருகிய பீடியை அடிக்கடி தொட்டுப் பார்ப்பார், பற்றவைக்க மாட்டார்.

“உதைக்காதிய அண்ணாச்சி. ரெண்டாம் கியரப் போட்டு கிளட்சைப் பிடிங்க. நான் தள்ளுதேன். வேகம் வந்ததும் கிளட்சை விடுங்க. சத்தத்துக்கு அது திரும்பும், நிக்காம போயிருங்க.”

“நீங்க?”

“என்னைய விடுங்க. பேட்டரிக்குத் தண்ணி ஊத்தி எம்புட்டு நாளாச்சு?”

“ஞாபகமில்ல.”

“நல்லா வண்டி வச்சிருக்கிய!”

தள்ளினார். கிளட்சை விட்டேன். வண்டி உதறிக்கொண்டு கிளம்பியது. பின்னால் யானை பிளிறியது. நிறுத்தினால் இஞ்சின் அணைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி சார்ஜ் ஏற்றிக்கொண்டு, மன்னிப்புக் கேட்கப் போனேன். அணை வாசலில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் பெரிய கட்டு.

நான் வாய் திறக்குமுன் பீடியைத் தொட்டபடி கேட்டார்: “தண்ணி ஊத்துனியளா?”

“ஊத்திட்டேன்” என்றேன். அந்தக் கட்டைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.