குரல் நின்ற காலை

எங்கள் பட்டுப்புடவை இணையக் கடையின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர், ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். குள்ளமான உருவம், கனத்த குரல். சர்வருக்குள் தனிப்பெட்டிபோல் இயங்கும் கண்டெய்னரில் புதிய சேவை கிளம்பினால் அதன் பெயரை, இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் சேர்க்கவும், நின்றுபோனால் நீக்கவும் அவரே ஒரு நிரலை ஓடவிட்டிருந்தார். ஆனாலும் நீக்கப்போகும் பெயர்கள் திரையில் வந்தால், அர்ச்சனைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றையும் உரக்கப் படிப்பார்.

“அதுவே பாத்துக்குது, நீங்க ஏன் சார் படிச்சிக்கினு இருக்கீங்க?” என்றேன்.

“கண்ணு தாண்டிப் போயிடும்பா. நாக்கு தாண்டாது” என்றார்.

ஆடித் தள்ளுபடி தொடங்கிய காலை, அந்தக் குரல் பாதியில் நின்றது. நீக்கும் பட்டியலில் அடுத்து இருந்தது எங்கள் கடையின் பெயர்; ஓடிக்கொண்டிருந்த கடையை நின்றுபோனதாக நிரல் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தது. அது போனால் ஒருவரும் கடைக்குள் வர முடியாது. பாய்ந்து நிரலை நிறுத்தினார்.

இப்போது அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நிரலைத் திருத்திவிட்டுத்தான் போனார். இருந்தும் அறை அமைதியானால் எனக்குத் திக்கென்கிறது.